ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: வீட்டில் இருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"அடுத்த செமஸ்டர் நான் வெளிநாட்டில் படிக்கப் போகிறேன்" என்று கல்லூரியில் படிக்கும் பிள்ளை சொன்னதும் வீட்டில் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். படிக்கிற படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேறு நாட்டில் முதலிலிருந்து தொடங்கப் போகிறதோ என்று ஒருவர் பயப்படுவார். ஊர் சுற்றுவதற்கு இப்படியும் ஒரு பெயரா என்று இன்னொருவர் கேட்பார். அங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வது என்று மூன்றாமவர் மனதுக்குள் கணக்குப் போடுவார். இவை எதுவும் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், கல்லூரி இரண்டு, பட்டம் ஒன்று. மாணவர் தன் சொந்தக் கல்லூரியின் பதிவேட்டில் அப்படியே இருக்கிறார். சில மாதங்கள், அதிகம் போனால் ஒரு வருடம், வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் பாடம் படிக்கிறார். அங்கே தேறிய பாடங்கள் இங்கே அவருடைய பட்டத்துக்குக் கணக்கில் சேர்கின்றன. கடைசியில் பட்டம் கொடுப்பது சொந்தக் கல்லூரிதான். முழுப் பட்டத்தையும் வெளிநாட்டில் படிப்பது வேறு விஷயம். அதற்கு இந்தக் கட்டுரையில் உள்ள பாதி விஷயங்கள் பொருந்தாது.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 1923இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மொழி கற்பித்த ரேமண்ட் கர்க்பிரைட் என்ற இளம் பேராசிரியர் எட்டு மாணவர்களைக் கப்பலில் பிரான்ஸுக்கு அழைத்துப் போனார். முதல் உலகப் போரில் பங்கேற்றவர் அவர். அடுத்த நாட்டு மக்களோடு பழகிப் படித்தால் நாடுகளுக்கு இடையே புரிதல் வளரும் என்று நம்பினார். மூன்றாம் ஆண்டை வெளிநாட்டில் படிக்கும் வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் அங்கிருந்துதான் வேர்பிடித்தது. ஐரோப்பாவில் 1987இல் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இன்று அங்கே இது கல்லூரி வாழ்க்கையின் சாதாரணமான ஒரு பகுதி.

எந்த வழியாகப் போகிறார் என்பதை முதலில் கேளுங்கள்

குடும்பத்தார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த நாடு?" அல்ல. "எந்த வழி?" என்பதுதான். கட்டணம், பொறுப்பு, பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது எல்லாமே அதைப் பொறுத்து மாறும்.

அதிகம் புழங்குவது எக்ஸ்சேஞ்ச், அதாவது பரிமாற்றம். இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். இங்கிருந்து ஒருவர் அங்கே போனால், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கல்லூரிக்கே கல்விக் கட்டணம் கட்டுவார்கள். அங்குள்ள பல்கலைக்கழகம் தனியாகக் கல்விக் கட்டணம் வாங்காது. "வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கிறவர் ஏன் இங்கே ஃபீஸ் கட்டுகிறார்?" என்று வீட்டில் எழும் சந்தேகத்துக்குப் பதில் இதுதான். வருகிறவர், போகிறவர் எண்ணிக்கை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பதால் எக்ஸ்சேஞ்சில் இடம் குறைவாகவே இருக்கும். சொந்தக் கல்லூரிக்குள்ளேயே மதிப்பெண் பார்த்து, சில சமயம் நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு மாணவரே நேரடியாக விண்ணப்பித்து விருந்தினர் மாணவராகப் போகலாம். அப்போது அங்குள்ள கட்டணத்தைக் கட்ட வேண்டும். இடையில் ஒரு தனியார் நிறுவனம் நின்று, இடம், தங்குமிடம், உதவி எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்பாடு செய்து தருவதும் உண்டு. வசதி அதிகம், செலவும் அதிகம். சொந்தக் கல்லூரிப் பேராசிரியரே ஒரு குழுவைச் சில வாரங்களுக்கு அழைத்துப் போவது நான்காவது வகை. முதல்முறை வெளியே அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு அது நல்ல தொடக்கம் என்பது என் கருத்து.

கிரெடிட்: எல்லாம் சுற்றிச் சுழல்வது இதைத்தான்

வெளிநாட்டில் படித்த பாடம் எப்படி இங்கே கணக்கில் சேர்கிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எடை உண்டு. அதைத்தான் கிரெடிட் என்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒரு செமஸ்டருக்கு 30. பிரிட்டனில் அதே ஒரு ஆண்டுப் படிப்பை 120 கிரெடிட் என்று எண்ணுவார்கள். அமெரிக்காவில் ஒரு ஆண்டுக்குச் சுமார் 30. நாணயம் மாற்றுவது போல ஒரு நாட்டின் கிரெடிட்டை இன்னொரு நாட்டின் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவில் ஒன்று என்றால் ஐரோப்பாவில் இரண்டு, பிரிட்டனில் நான்கு என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஆனால் எந்த விகிதத்தில் மாற்றுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் சொந்தக் கல்லூரியிடம்தான் இருக்கிறது.

எண்ணிக்கை சரியாக வந்தால் மட்டும் போதாது. அங்கே படிக்கும் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதும் முடிவாக வேண்டும். கட்டாயப் பாடத்துக்குப் பதிலா, விருப்பப் பாடமா, அல்லது எதிலும் சேராமல் வெறும் கூடுதல் கிரெடிட்டாக நின்றுவிடுமா? 30 கிரெடிட்டும் கைக்கு வந்து, அவை எல்லாம் விருப்பப் பாடக் கணக்கிலேயே விழுந்துவிட்டால், விட்டுப்போன கட்டாயப் பாடங்களுக்காக இன்னொரு செமஸ்டர் உட்கார வேண்டி வரலாம். பட்டம் தள்ளிப்போவது பெரும்பாலும் மாணவர் படிக்காததால் அல்ல, இந்தப் பொருத்தத்தை முன்கூட்டியே பார்க்காததால்தான்.

அதற்காகத்தான் புறப்படும் முன்பே ஒரு காகிதம் தயாராகிறது. எராஸ்மஸ் திட்டத்தில் அதற்கு லேர்னிங் அக்ரிமென்ட் என்று பெயர். மற்ற இடங்களில் பாட ஒப்புதல் படிவம் என்பார்கள். அங்கே என்னென்ன பாடம், இங்கே எதற்குப் பதில் என்று அட்டவணை போட்டு, மாணவர், சொந்தக் கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் மூவரும் ஒப்புக்கொள்வார்கள். வீட்டிலிருந்து "எல்லாம் ரெடியா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "பாட ஒப்புதலில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டாரா?" என்று கேளுங்கள். பிள்ளைக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொன்று: அந்தக் காகிதம் அப்படியே நிலைக்காது. அங்கே போய் இறங்கியதும் ஒரு பாடம் அந்த செமஸ்டரில் நடக்கவில்லை என்பார்கள். இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதும். இன்னொன்றில் இடம் நிரம்பியிருக்கும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் பாடங்களை மாற்றுவது சர்வசாதாரணம். மாற்றிய ஒவ்வொரு முறையும் சொந்தக் கல்லூரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும், அவ்வளவுதான். மாற்று யோசனையாக நான்கைந்து பாடங்களுக்கு முன்பே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டு போகிற மாணவர் அந்த வாரங்களில் நிம்மதியாகத் தூங்குவார்.

அப்புறம் மதிப்பெண். இங்கேதான் வீடுகளில் பெரிய கலவரம் நடக்கும். பிரிட்டனில் 100க்கு 62 வந்தால் அது நல்ல மதிப்பெண். 70ஐத் தொட்டாலே முதல் வகுப்பு; 90 என்பதெல்லாம் பல பாடங்களில் கண்ணில் படவே படாது. பிரான்ஸில் 20க்குப் போடுவார்கள். 10 எடுத்தால் தேர்ச்சி, 14 வாங்கினால் பாராட்டலாம். ஜெர்மனியில் தலைகீழ்: 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. "ஐந்துக்கு ஒன்றுதான் வாங்கினாயா?" என்று திட்டி, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வரும். இந்த மதிப்பெண்ணை உள்ளூர் அளவுக்கு மாற்றி ஒட்டுமொத்தச் சராசரியில் சேர்க்கும் கல்லூரிகளும் உண்டு. தேர்ச்சியை மட்டும் பதிந்து மதிப்பெண்ணை விட்டுவிடும் கல்லூரிகளும் உண்டு. சராசரி மதிப்பெண் மேற்படிப்புக்கோ வேலைக்கோ முக்கியம் என்றால் எந்த முறை என்பதைப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

"வாரத்துக்கு மூன்று நாள்தான் வகுப்பாம்!"

படிக்கும் விதமும் மாறுகிறது. பிள்ளையின் கால அட்டவணையைப் பார்த்தால் பாதி வாரம் காலியாகத் தெரியும். அதைப் பார்த்து விடுமுறை என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்வது, வீட்டில் வாசிப்பது, கட்டுரை எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஐந்து கிரெடிட் பாடம் ஒன்று வாரத்துக்கு மூன்று மணி நேரம், 14 வாரம் நடந்தால், வகுப்பில் கழிவது 42 மணி நேரம். குறைந்தபட்சக் கணக்கான 125இல் மீதி 83 மணி நேரத்தை மாணவர் தானாகவே செலவிட வேண்டும். யாரும் பின்னால் நின்று கேட்க மாட்டார்கள்.

வாரா வாரம் சோதனை வைக்கும் கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு இதுதான் பெரிய சறுக்கல். பல இடங்களில் முழு மதிப்பெண்ணும் ஒரே கட்டுரையிலோ, கடைசியில் வரும் ஒரே தேர்விலோ அடங்கியிருக்கும். மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போவது போலவே இருக்கும். அதனால் தொலைபேசியில் "தேர்வு எப்போது?" என்று மட்டும் கேட்காமல், "இந்தப் பாடத்துக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்?" என்று இரண்டாம் வாரத்திலேயே கேட்பது நல்லது. இன்னொருவர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்தாள்வது பல நாடுகளில் ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும் குற்றம் என்பதையும் ஒருமுறை நினைவூட்டிவிடுங்கள்.

நாட்காட்டியும் ஒத்துப்போகாது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அதிகாரபூர்வமாகப் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வகுப்புகள் பிப்ரவரி நடுவரை ஓடும், தேர்வுகள் அதற்குப் பிறகும் வரலாம். ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு பிப்ரவரி கடைசி வாக்கில் தொடங்கும். ஜப்பானில் ஏப்ரல். சொந்தக் கல்லூரியின் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் ஆரம்பித்தால் மோதல் நிச்சயம். திரும்பும் விமான டிக்கெட்டை வகுப்பு முடியும் தேதியைப் பார்த்து வாங்கிவிட்டு, தேர்வுத் தேதி வந்ததும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

விசாவும் காப்பீடும்

எக்ஸ்சேஞ்சில் வரிசை பொதுவாக இதுதான்: சொந்தக் கல்லூரி பரிந்துரைக்கும், அங்குள்ள பல்கலைக்கழகம் ஏற்புக் கடிதம் அனுப்பும், அதை வைத்துத்தான் விசா. கடிதம் வரும் முன்பு விசாவுக்கு அவசரப்பட்டுப் பயனில்லை. வந்த பிறகு ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது.

எவ்வளவு காலம் தங்குகிறார் என்பது விசா வகையையே மாற்றிவிடும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழுவான ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவில் 180 நாட்களில் 90 நாட்கள் வரைதான் இருக்க முடியும். ஒரு முழு செமஸ்டர் அதைத் தாண்டிவிடும் என்பதால் அந்தந்த நாட்டின் நீண்டகால விசா தேவைப்படும். அமெரிக்காவுக்கு எக்ஸ்சேஞ்சில் போகிறவர்களுக்குப் பொதுவாக ஜே-1 விசா. அதற்கான டிஎஸ்-2019 படிவத்தைத் திட்டத்தை நடத்தும் நிறுவனம் அனுப்பும், பெரும்பாலும் அது அங்குள்ள பல்கலைக்கழகமேதான். நேரடியாகச் சேர்கிறவர்களுக்குப் பொதுவாக எஃப்-1 விசா, அதற்கு ஐ-20 படிவம். இளங்கலை மாணவர் எஃப்-1 விசாவில் ஒரு செமஸ்டருக்குப் பொதுவாகக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். "கஷ்டமாக இருந்தால் ஒரு பாடத்தை விட்டுவிடு" என்று வீட்டிலிருந்து அன்பாகச் சொல்வது விசாவில் சிக்கலாக முடியலாம். எதையும் விடும் முன்பு அங்குள்ள சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு, செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் பெருந்தொகை போட வேண்டியிருக்கலாம். அதைக் கட்டணம் என்று நினைத்து மலைக்க வேண்டாம். அது மாணவரின் பணம்தான். மாதா மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க விடுவார்கள்.

உடல்நலக் காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். விமான டிக்கெட்டோடு வரும் பயணக் காப்பீடும், அந்த நாட்டு மருத்துவமனையில் செல்லுபடியாகும் மாணவர் காப்பீடும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்கே தனிக் காப்பீடு நிபந்தனை. ஜெர்மனியில் காப்பீட்டைக் காட்டாமல் பல்கலைக்கழகத்தில் பதிவே செய்ய முடியாது.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. குடும்பங்கள் மாதச் செலவைச் சரியாகத்தான் கணிக்கின்றன. தடுமாறுவது முதல் மாதத்தில். அறைக்கு முன்பணம், முதல் வாடகை, போர்வையிலிருந்து பாத்திரம் வரை, பேருந்து அட்டை, பதிவுக் கட்டணம் எல்லாம் ஒரே வாரத்தில் வரும். உதவித்தொகையோ பல சமயம் செமஸ்டர் தொடங்கிய பிறகுதான் கைக்கு வரும். அந்த இடைவெளிக்குப் பணம் ஒதுக்கி வைத்தால் போதும், மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

பல்கலைக்கழகம் உங்களிடம் பேசாது

இது பல பெற்றோருக்குக் கோபம் வரவழைக்கும் இடம். பிள்ளை இரண்டு நாளாகப் பேசவில்லை, வகுப்புக்குப் போகிறதா என்று தெரிந்துகொள்ள அங்குள்ள அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவீர்கள். "மாணவரின் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்ல இயலாது" என்று பணிவாகப் பதில் வரும். கல்விக் கட்டணம் நீங்கள் கட்டியிருந்தாலும் அதே பதில்தான் வரக்கூடும். அமெரிக்காவில் மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, மாணவர் 18 வயதை அடைந்தாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ கல்விப் பதிவுகளின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே போலக் கறாரானது.

அலுவலரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அது அவருடைய வேலை. போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி, அவசரத் தொடர்புப் பட்டியலில் யார் பெயர், எந்தத் தகவலை யாருக்குச் சொல்லலாம் என்று மாணவரே எழுத்தில் அனுமதி கொடுத்துவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டு அட்டை, ஏற்புக் கடிதம், அறையின் முகவரி ஆகியவற்றின் நகல் வீட்டில் ஒன்று இருக்கட்டும். கையெழுத்துப் போட வேண்டிய வேலை எதுவும் மிச்சமிருந்தால், யாருக்காவது அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம்.

மன நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நார்வேயைச் சேர்ந்த லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த தன் நாட்டவர் சுமார் 200 பேரிடம் பேசி, 1955இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். முதலில் உற்சாகம், நடுவில் ஒரு பள்ளம், பிறகு மெல்ல மேலே ஏறுவது என்ற வடிவம் அதிலிருந்துதான் பிரபலமானது. எல்லோருக்கும் இப்படியே நடப்பதில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சிலருக்கு முதல் நாளே பள்ளம்தான். ஆனாலும் நடுவில் ஒரு நாள் "எனக்கு இங்கே பிடிக்கவில்லை, வந்துவிடுகிறேன்" என்று அழைப்பு வருவது அபூர்வமல்ல. அன்றிரவே டிக்கெட் போடவும் வேண்டாம், "எவ்வளவு செலவு செய்திருக்கிறோம் தெரியுமா" என்று கணக்குக் காட்டவும் வேண்டாம். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, வகுப்புக்குப் போகிறாயா என்று மூன்றை மட்டும் கேளுங்கள். மூன்றும் நடக்கிறதென்றால் பெரும்பாலும் நாளடைவில் சரியாகும். பல நாட்களாக எதுவுமே நடக்கவில்லை என்றால் காத்திருக்காமல் அங்குள்ள ஆலோசனை மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அந்த நாட்டின் அவசர எண்ணை அழைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000.

எவ்வளவு அடிக்கடி பேசுவது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். தினமும் நேரம் குறித்துப் பேசுவதைவிட வாரத்தில் ஒரு நாள் நிறுத்தி நிதானமாகப் பேசுவது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் தினமும் பேசினால் பிள்ளை மாலை நேரத்தை அறையிலேயே கழிக்கும். நேர வித்தியாசத்தையும் குறித்து வையுங்கள்: ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அமெரிக்காவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அன்றைக்கு வழக்கமான நேரத்தில் எடுக்காவிட்டால் பதற வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

விமானம் இறங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து கிளம்பும் முன் வங்கிக் கணக்கு, அறை முன்பணம், நகராட்சிப் பதிவு போன்றவற்றை முடித்துவர வேண்டும். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்வது போலவே, நாட்டை விட்டுக் கிளம்பும்போது அதை நீக்குவதும் சட்டப்படி செய்ய வேண்டியது. அடுத்த செமஸ்டருக்கான பாடப் பதிவும் விடுதி விண்ணப்பமும் மாணவர் வெளிநாட்டில் இருக்கும்போதே வந்து போய்விடும். அந்தத் தேதிகளை வீட்டிலிருந்து ஒருவர் நினைவூட்டலாம்.

டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பட்டியல் அங்கிருந்து வரச் சில வாரங்கள் ஆகும், சில சமயம் மாதக்கணக்கிலும் இழுக்கும். அதுவரை சொந்தக் கல்லூரியின் பதிவில் அந்த செமஸ்டர் வெறுமையாகவே கிடக்கும். பட்டியல் வந்த பிறகும் தானாக எல்லாம் ஏறிவிடாது. முன்பு ஒப்புதல் வாங்கிய படிவத்தையும், பாடம் மாற்றியபோது வந்த மின்னஞ்சல்களையும், ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் எடுத்துக்கொண்டு மாணவர் தன் சொந்தக் கல்லூரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஏதாவது ஒரு பாடத்தை ஏற்க மறுத்தால் அந்தப் பாடத்திட்டமும் எழுதிக்கொடுத்த கட்டுரைகளும்தான் சாட்சி. ஆகவே வரும்போது பெட்டியில் எடை அதிகம் என்று அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், குறைந்தது ஸ்கேன் செய்தாவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.